வெள்ளைப்பாறையில் ஆடிய விளக்கு

அம்மாவின் பதினாறாம் நாள் அடியந்திரம் கழிந்து பந்தல்காரர்கள் கம்புகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் கிணற்றடியில் கை கழுவிக்கொண்டே கேட்டார்.

"ஏட்டி, இனி நீ ஒத்தையில இந்த வீட்டுல கிடந்து என்ன செய்யப் போற? ராத்திரி உனக்கு ஒண்ணு ஆச்சுதுன்னா யாரு வருவா?"

அண்ணனுக்கு மரியாதை கொடுத்து வாயை மூடிக்கொண்டேன் என்று பக்கத்தில் நின்றவர்கள் நினைத்திருப்பார்கள். உண்மையில் எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்திருந்தால் சொல்லாமல் விட்டிருக்க மாட்டேன், என் வாய் அப்படிப்பட்டது.

எங்கள் வீடு கருங்கல் என்ற ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. எனக்குக் கல்யாணம் கூடிவரவில்லை. அதைப் பற்றி ஊரில் ஏற்கெனவே தேவைக்கு மேல் பேசியாகிவிட்டது, நான் வேறு எழுத வேண்டாம். கடற்கரை ஊர் ஒன்றில் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தேன். அம்மா விழுந்து இடுப்பு முறிந்து படுக்கையானபோது விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டோடு இருந்துவிட்டேன். அண்ணன் நாகர்கோவிலில் வீடு கட்டியிருக்கிறார். மாடியில் எனக்கொரு அறை, தனிக் குளியலறை, ஜன்னலைத் திறந்தால் கொய்யா மரம். கருங்கல் வீட்டை டியூஷன் சென்டர் நடத்தும் ஒருவருக்கு வாடகைக்கு விட்டுவிடலாம் என்பது அவருடைய யோசனை. அவர் நல்ல மனிதர். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாக முடிந்திருக்கும்.

அண்ணன் வீட்டில் எனக்கு ஒரு குறையும் வராது என்பது தெரியும். அண்ணன் மனைவி, எங்கள் மைனி, தங்கமானவள். ஆனால் வந்த விருந்தாளி போகாமலே இருந்தால் எப்படி இருக்கும் என்பதை நான் பார்த்திருக்கிறேன். காபி கலக்குமுன் ஒரு கணம் யோசிப்பார்கள். டிவியில் எதை வைப்பது என்று என்னைக் கேட்பார்கள். கேட்பதே வித்தியாசம்தானே.

அதேநேரம் இந்த வீட்டில் தனியாக இருப்பதும் எனக்குக் கை வரவில்லை. உலையில் அரிசி போடும்போது கை தானாக இரண்டு பேருக்கு அள்ளியது. மறுநாளும் அதற்கு மறுநாளும் பழையது தின்றேன். சாயங்காலம் ஆனால் அம்மா படுத்திருந்த அறைப் பக்கம் திரும்பி, "அம்மே, வெளக்கு போடட்டா?" என்று கேட்டுவிட்டு, கேட்ட பிறகு வாயைப் பொத்திக்கொள்வேன். பயமாக இருந்தது. பேய்ப் பயமில்லை, திருட்டுப் பயமுமில்லை. நான் ஒருத்தி இருக்கிறேன் என்பது எனக்கே சில சமயம் சந்தேகமாக இருந்தது.

மாசி பிறந்ததும் அண்ணன் போன் செய்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்த டியூஷன் சென்டர்காரரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன், அன்றைக்கு உள்ளதைச் சொல்லிவிடு என்றார். எனக்கு முன்னால் ஒரு வாரம் இருந்தது. தனியாக இருக்க என்னால் முடியுமா என்று ஒரு பரீட்சை வைத்துப் பார்த்துவிடலாம் என்று அப்போதுதான் தோன்றியது. டீச்சர் புத்தி வேறெங்கே போகும்.

நான் வேலை பார்த்த பள்ளியின் மாடி வகுப்பிலிருந்து பார்த்தால் கடலுக்குள் ஒரு பாறை தெரியும். தீவு என்றும் சொல்லலாம், ஊர்க்காரர்கள் பாறை என்றுதான் சொல்வார்கள். வெள்ளைப்பாறை என்று பெயர். பாறைக்கு இயல்பில் அந்த நிறமில்லை. காலம் காலமாகக் கடல்பறவைகள் உட்கார்ந்து எச்சமிட்டு வெளுத்தது. பிள்ளைகளுக்குக் கணக்குப் போடக் கொடுத்துவிட்டு நான் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். பக்கத்தில் ஒன்றுமில்லாமல், யாரையும் கூப்பிடாமல், அது பாட்டுக்கு இருக்கும். அங்கே ஒருநாள் தங்க வேண்டும் என்று மற்ற டீச்சர்களிடம் சொன்னபோது சிரித்தார்கள். இத்தனை வருடம் அந்த ஊருக்குப் போய்வந்தாலும், நாலரை மணி பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வந்துவிடுவேன். அந்த ஊரின் சாயங்காலத்தை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. பின்னால் நடந்ததற்கெல்லாம் இதுதான் காரணம்.

என்னிடம் படித்த ஒரு பெண்ணின் அப்பா அந்தப் பாறையைச் சுற்றி முங்கிச் சிப்பி எடுப்பவர். அவரிடம் போய்க் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"டீச்சரே, அங்க இருக்கது அம்புடும் பறவப் பீ. நாத்தம் கொடலப் பிடுங்கும்."

"பள்ளிக்கூடத்துக்குப் பின்னால கருவாடு காயும்போ இருபது வருஷம் இருந்தேனே."

"ஒத்தையிலயா?"

"ஒத்தையிலதான்."

அவர் மனைவி குறுக்கே வந்து, பொம்பிள தனியாகப் போய் அங்கே என்ன செய்ய என்று கேட்டாள். சும்மா இருக்கப் போகிறேன் என்றேன். அவளுக்கு அது விளங்கவில்லை. எனக்கும் முழுதாக விளங்கியிருக்கவில்லை. கடைசியில் அவர் ஒத்துக்கொண்டார். வியாழன் மத்தியானம் கொண்டுவிடுவார், சனிக்கிழமை காலையில் வந்து கூட்டிப்போவார். நான் ஒரு நிபந்தனை போட்டேன், யாரிடமும் சொல்லக்கூடாது. கடற்கரையில் ஒரு வாயில் விழுந்தால் நான் திரும்புமுன் அது பஸ் ஏறி நாகர்கோவில் அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அவர் தலையாட்டினார். அந்த வியாழன் சாயங்காலமே அவரும் மனைவியும் ஆற்றுக்கு அக்கரையில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போவதாக இருந்தது. அதனால் நான் பாறையில் இருப்பது அந்த ஊரில் ஒரு மனிதருக்கும் தெரியாமல் போயிற்று.

அண்ணன் மகன் காலேஜ் நண்பர்களோடு மலைக்குப் போக வாங்கி, ஒரே ஒரு தடவை விரித்துவிட்டு எங்கள் வீட்டுப் பரணில் போட்டுப்போன கூடாரம் இருந்தது. அதைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டேன். சின்ன காஸ் அடுப்பு, அரிசி, சிறுபயறு, கொள்ளு வறுத்து அரைத்த காணத் துவையல், இரண்டு கேன் தண்ணீர், சார்ஜ் செய்யும் விளக்கு ஒன்று. போனை அணைத்துப் பைக்குள் வைத்தேன். வெளியூர்ப் பயிற்சி வகுப்புக்குப் போவதாக அண்ணனிடம் சொன்னேன். ஓய்வு பெற்றவளுக்கு என்ன பயிற்சி என்று அவர் கேட்கவில்லை. அதிலும் எனக்கு ஒரு சின்ன வருத்தம்.

மாசியில் கடல் அடங்கிக் கிடக்கும் என்பார்கள். அடங்கிய கடலே என்னை வள்ளத்தில் தூக்கிப் போட்டு விளையாடியது. பாறையில் இறங்குவது அதைவிடப் பாடு. அலை வள்ளத்தைத் தூக்கும் கணத்தில் தாவ வேண்டும், அடுத்த அலைக்குள் மேலே ஏறிவிட வேண்டும். கால் வைத்த இடமெல்லாம் சிப்பி கத்தி மாதிரி நின்றது. நான் தாவவில்லை, சிப்பிக்காரர் என்னை மூட்டை மாதிரி இழுத்து மேலே போட்டார். அப்புறம் மேற்குப் பக்கத்தைக் காட்டினார்.

"அங்கண போவாதிய, அது அதுகளுக்க எடம். நீங்க கிழக்கால கிடந்துக்கிடுங்க."

அவர் வள்ளத்தின் எஞ்சின் சத்தம் கேட்காமல் ஆகும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு கூடாரத்தை விரித்தேன். பாறையில் முளை அடிக்க முடியாதென்பது அங்கே போன பிறகுதான் உறைத்தது. கயிறுகளைக் கல்லில் கட்டி, கல்லின் மேல் தண்ணீர்க் கேனையும் வைத்தேன். அது ஒருபக்கம் சரிந்து நின்றது. நின்றதே பெரிது.

மத்தியானம் முழுக்க வெயில். பாறையில் நிழல் என்று ஒன்று கிடையாது, கூடாரத்துக்குள் போனால் அவியும். நாற்றம் சொன்னபடியே இருந்தது, ஒரு மணி நேரத்தில் மூக்கு அதை மறந்துவிட்டது. மேற்கே இரண்டு நீர்க்காகங்கள் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தன. கருங்கொக்கு ஒன்று அலை விளிம்பில் நடந்தது. கரை நன்றாகத் தெரிந்தது. மாதா கோயில் கோபுரம், பள்ளிக்கூடத்தின் மாடி, தென்னைகள். நான் இத்தனை நாள் அங்கிருந்து இங்கே பார்த்தேன், இப்போது இங்கிருந்து அங்கே பார்க்கிறேன் என்று நினைத்தால் ஏதாவது தோன்றும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. பசித்தது.

வெயில் சாய்ந்ததும் ஆலாக்கள் வரத் தொடங்கின. முதலில் நாலைந்து, பிறகு கூட்டம் கூட்டமாக. வெள்ளை உடம்பு, மஞ்சள் அலகு, எண்ணெய் வைக்காமல் வாரிய தலை மாதிரிக் கலைந்த கறுப்புக் கொண்டை. ஒவ்வொன்றும் இறங்க இடம் தேடி, பக்கத்திலுள்ளதைக் கொத்தி நகர்த்தி, கிர்ர் கிர்ர் என்று சண்டை போட்டு உட்கார்ந்தது. கல்யாண வீட்டுப் பந்தி தோற்றுப்போகும். அத்தனை உயிர்கள் இருந்த இடத்தில் ஒன்றுகூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பயந்து பறந்திருந்தாலாவது ஆறுதலாக இருந்திருக்கும். ஒரு கல்லுக்குத் தரும் மரியாதையை எனக்குத் தந்தன.

கஞ்சிக்கு அரிசி போட்டேன். பொங்கி வந்த பிறகு பார்த்தால் பானை நிறைய இருந்தது. பாறைக்கு வந்தும் கை திருந்தவில்லை. அதைப் பார்த்ததும் எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. "அம்மே, கஞ்சி ஆறுது" என்று சத்தமாகச் சொன்னேன். அந்தப் பறவைச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. தனியாக இருக்க முடியாது, ஞாயிற்றுக்கிழமை அண்ணனிடம் சரி என்று சொல்லிவிட வேண்டியதுதான் என்று அப்போதே முடிவு செய்தேன். பரீட்சை ஆரம்பித்த முதல் மணியிலேயே பேப்பரை மடித்துக் கொடுத்த பிள்ளை மாதிரி.

இருட்டு விழுந்ததும் விளக்கைப் போட்டேன். கூடாரத்து வாசலில் காற்று அடித்துக்கொண்டிருந்ததால் கையில் பிடித்துக்கொண்டு, அடுப்பை மூட, பாத்திரத்தை எடுத்து வைக்க என்று அங்குமிங்கும் நடந்தேன். கொஞ்ச நேரத்தில் கரையில் ஒரு தீ தெரிந்தது. ஓலைச்சூட்டு, காய்ந்த தென்னோலையைக் கட்டிக் கொளுத்துவார்களே, அது. யாரோ அதை இடமும் வலமுமாக ஆட்டினார்கள்.

எனக்கு நம்ப முடியவில்லை. யாரோ என்னைப் பார்த்திருக்கிறார்கள். பார்த்ததோடு நில்லாமல் கை காட்டுகிறார்கள். நான் விளக்கை உயரப் பிடித்து அதே மாதிரி இடமும் வலமுமாக ஆட்டினேன். கரையில் இன்னொரு சூட்டு எரிந்தது. அப்புறம் மூன்றாவது. எனக்குச் சிரிப்பு வந்தது. நான் இன்னும் வேகமாக ஆட்டினேன். கோயில் மணி அடிக்கத் தொடங்கியது, நிற்காமல் அடித்தது. ஏதோ திருவிழா போலிருக்கிறது, நல்ல நாளில்தான் வந்திருக்கிறோம் என்று நினைத்தேன். அத்தனை மாதங்களில் நான் சந்தோஷமாக இருந்த நேரம் அதுதான். இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அது சந்தோஷம்தான்.

எஞ்சின் சத்தம் கேட்டபோதுதான் ஆட்டுவதை நிறுத்தினேன்.

வள்ளம் ஒன்று பாறைக்குப் பக்கத்தில் வந்து அலையில் ஏறி இறங்கியது. நாலு பேர் இருந்தார்கள். டார்ச் வெளிச்சம் என் முகத்தில் அடித்தது. முன்னால் நின்ற பெரியவர் கத்தினார்.

"ஆளு உண்டா? எத்தன பேரு? அடி பட்டிருக்கா?"

அதற்குள் ஒருவன் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு தண்ணீரில் குதித்து, பாறையைப் பிடித்து ஏறி வந்தான். காலில் சிப்பி கிழித்து ரத்தம் வழிந்தது. தாடி வைத்த வாலிபன். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"எங்க மத்தவங்க? வள்ளம் தாந்து போச்சா?"

"ஒண்ணுமில்ல" என்றேன். "நான் சும்மா இருக்கேன்."

ஆலாக்கள் கொஞ்சம் அடங்கியிருந்தன. பிறகு பெரியவர் வள்ளத்தில் இருந்தபடியே சொன்னது என் காதில் தெளிவாக விழுந்தது.

"சவத்த, சும்மாவா இருக்கு?"

தாடிக்காரன் டார்ச்சை என் முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தான். "டீச்சரா? கணக்கு டீச்சரு. டீச்சர், நான் உங்ககிட்ட ஒம்பதாம் கிளாசு ரெண்டு வருஷம் படிச்சேன்." இரண்டு வருடம் ஏன் படித்தான் என்பது எனக்கும் அவனுக்கும் தெரியும். இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

அவர்கள் வள்ளத்தைக் கட்டிவிட்டு இன்னும் இரண்டு பேர் ஏறி வந்தார்கள். பெரியவர் வர மாட்டேன் என்று உள்ளேயே உட்கார்ந்திருந்தார். தாடிக்காரன்தான் எனக்கு விளக்கிச் சொன்னான். அந்தப் பாறையில் வெளிச்சம் ஆடினால் யாரோ மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். வள்ளம் கவிழ்ந்தவர்களும் எஞ்சின் நின்றவர்களும் அங்கேதான் ஒதுங்குவார்கள். போன் இருக்கும், ஆனால் நனைந்திருக்கும். கரையில் பார்த்தவர்கள் சூட்டை ஆட்டுவார்கள், கண்டோம் என்று சொல்வதற்கு. பாறையில் இருப்பவர் திருப்பி ஆட்டினால், உடனே வாருங்கள், தாங்க மாட்டோம் என்று பொருள். நான் எத்தனை தடவை ஆட்டினேன் என்று அவன் கேட்கவில்லை. ஊருக்கே தெரியும். சிப்பிக்காரர் இதை எனக்குச் சொல்லியிருக்க வேண்டாமா என்றால், மழைக்குக் குடை பிடிக்க வேண்டும் என்று யார் யாருக்குச் சொல்வார்கள்.

"வெளக்கு ஆடினதும் பொம்பளைகளு வீடு வீடா ஆள் எண்ணுவாவ டீச்சர். எவன் வீட்டுல ஆள் கொறயுதோ அவனுக்க வள்ளம் முன்னால எறங்கும். அதான் முறை."

"இண்ணைக்கு யாரு வீட்டுல கொறஞ்சுது?"

"ஒரு வீட்டுலயும் கொறயல்ல. எல்லாரும் இருந்தாவ."

"பின்னே எதுக்கு வந்திய?"

அவன் என்னை விநோதமாகப் பார்த்தான். போர்டில் எழுதியிருப்பதையே திரும்பக் கேட்கும் பிள்ளையை நான் பார்ப்பேனே, அந்த மாதிரி.

"வெளக்கு ஆடுதுல்லா டீச்சர்."

நான் உட்கார்ந்துவிட்டேன். யாருடைய ஆளும் இல்லை என்று எண்ணிப் பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் இவர்கள் கடலில் இறங்கியிருக்கிறார்கள். என் வீட்டில் எண்ணினால் என்ன கிடைக்கும்? ஒன்றிலிருந்து ஒன்று போனால் பூஜ்யம். பூஜ்யத்தைக் காணோம் என்று யார் மணி அடிப்பார்கள்? கணக்கு டீச்சருக்கு இது நல்ல கணக்கு. எனக்குத் தாங்க முடியாமல் அழுகை வந்தது. பயந்துவிட்டேன் என்று நினைத்து அவர்கள் தண்ணீர் கொடுத்தார்கள். அது என்னுடைய தண்ணீர்தான்.

அழுது முடித்ததும், வேறு என்ன செய்வதென்று தெரியாமல், கஞ்சி இருக்கிறது என்றேன். மூவரும் கூடாரத்து வாசலில் குந்தி உட்கார்ந்து பானையைக் காலி செய்தார்கள். பெரியவருக்கு ஒரு பாத்திரத்தில் கயிறு கட்டி இறக்கினேன். வேண்டாம் என்றார், பிறகு வாங்கிக்கொண்டார். காணத் துவையல் யார் அரைத்தது என்று கேட்டார். நான்தான் என்றேன். "உப்பு கொறவு" என்றார். அதற்குப் பிறகு அவர் கோபம் கொஞ்சம் இறங்கியது.

கூட வந்துவிடும்படி எல்லோரும் சொன்னார்கள். நான் மாட்டேன் என்றேன். இவ்வளவு கூத்தடித்த பிறகு கரையில் இறங்கி அத்தனை பெண்கள் முகத்திலும் விழிக்க எனக்குத் தெம்பில்லை. அது ஒரு காரணம். இன்னொன்று, மடித்துக் கொடுத்த பேப்பரைத் திரும்ப வாங்கிப் பார்க்க ஆசையாக இருந்தது. பெரியவர் வள்ளத்திலிருந்தே சொன்னார்.

"அப்போ ஒண்ணு செய்யும். நாளைக்கி சாயங்காலம் வெளக்க ஒரே எடத்துல வையும், ஆட்டாதியும். கோயில் மணி அடிச்சதும் அணச்சிரும். நாங்க ஒரு சூட்ட தூக்கிக் காட்டுவோம். மணி அடிச்சும் அணையாம கிடந்துதுன்னா, நாங்க வருவோம். கேட்டீரா?"

கேட்டேன் என்றேன். வள்ளம் கிளம்பிப் போயிற்று. கரையில் கொஞ்ச நேரம் சூட்டுகள் எரிந்து, ஒவ்வொன்றாக அணைந்தன. அன்று நான் தூங்கவில்லை. காற்று கூடாரத்தைப் பிடித்து உலுக்கியது. விடிவதற்குள் எனக்கு இருமல் பிடித்துவிட்டது.

வெள்ளிக்கிழமை ஆலாக்கள் விடியும்போதே கடலுக்குப் போய்விட்டன. பாறை காலியாகக் கிடந்தது. முந்தின நாளைவிட அன்று தனிமை அதிகம். நாலு பேர் வந்து சாப்பிட்டுப் போன வீட்டில்தானே அமைதி கூடுதலாக இருக்கும். பேசுவதற்கு ஆளில்லை, செய்வதற்கு வேலையில்லை. அம்மா இருந்த காலத்தில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார ஏங்கியிருக்கிறேன். இப்போது நாள் முழுக்க அது கிடைத்தது, என்ன செய்வதென்று தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவை நினைத்தேன். அவளுக்குக் கோபம் வந்தால் கஞ்சியைத் தட்டிவிடுவாள், எனக்குக் கோபம் வந்தால் நானும் பாத்திரத்தை டொக்கென்று வைப்பேன். அப்படியே இருவரும் ஒருவரையொருவர் எண்ணிக்கொண்டிருந்தோம். அவள் என்னை எண்ணினாள், நான் அவளை எண்ணினேன். அது போனதுதான் எனக்கு வலிக்கிறது என்பது வெயிலில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தபோது விளங்கியது.

சாயங்காலம் ஆலாக்கள் திரும்பி வந்து, அதே சண்டையைப் போட்டு உட்கார்ந்தன. விளக்கை ஒரு கல் மேல் வைத்துவிட்டுப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கோயில் மணி அடித்தது. விளக்கை அணைத்தேன். கரை இருட்டாகவே இருந்தது. மறந்திருப்பார்கள், அவரவர் பாடு அவரவருக்கு என்று நினைத்தபோது ஒரே ஒரு சூட்டு எரிந்தது. யாரோ அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, ஆட்டாமல், இறக்கிவிட்டார்கள். பிடித்தது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்று நன்றாகத் தூங்கினேன்.

சனிக்கிழமை காலையில் சிப்பிக்காரர் வந்தபோது அவர் முகமே சொன்னது, ஊரில் நன்றாக வாங்கிக் கட்டியிருக்கிறார் என்று. கரையில் வலை கோர்த்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருத்தி மட்டும் சொன்னாள்.

"டீச்சரே, அடுத்தாட்டி சாவப் போனாலும் சொல்லிட்டுப் போங்க. எண்ணிப் பாத்தே எங்களுக்கு உயிரு போச்சு."

மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு வழியில்லை.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் டியூஷன் சென்டர்காரரோடு வந்தார். அந்த மனிதர் அறைகளை அளவெடுப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தபோது, அண்ணனை அடுக்களைக்குக் கூப்பிட்டு, நான் வரவில்லை என்றேன். அண்ணன் கோபப்படவில்லை. அதே கேள்வியைக் கேட்டார்.

"ராத்திரி ஒண்ணு ஆச்சுதுன்னா யாரு வருவா?"

"வருவாவ."

"யாரு?"

"யாருன்னு தெரியாது. ஆனா வருவாவ."

அண்ணன் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். வெயிலில் முகமெல்லாம் கறுத்து உரிந்திருந்தது, இருமல் வேறு. பயிற்சி எங்கே நடந்தது என்று கேட்டார். கடற்கரையில் என்றேன். நம்பாத முகத்தோடு அந்த மனிதரைக் கூட்டிக்கொண்டு போனார். கேட்டைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தார். அவருக்கு வருத்தம்தான், எனக்குத் தெரியும்.

அவர் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. வருவார்கள் என்று சொன்னேனே, அது அந்தக் கரை. இது கருங்கல். இங்கே என் விளக்கு ஆடினாலும் அணைந்தாலும் யாருக்கு என்ன அர்த்தம்? இந்தத் தெருவில் அப்படியொரு முறை கிடையாது. கிடையாதென்றால் ஒன்று உண்டாக்க வேண்டும். அதற்கு எனக்கு இருந்தது பக்கத்து வீடு ஒன்றுதான்.

பக்கத்து வீட்டுக்காரி என்னைவிட மூத்தவள். அக்கா என்று கூப்பிட வேண்டும். அவள் மதிலோரம் நிற்கும் சக்கை மரத்தின், அதாவது பலாவின், இலை முழுக்க என் முற்றத்தில் விழும். கொப்பை வெட்டச் சொல்லி நான் ஒன்று சொல்ல, அவள் ஒன்பது சொல்ல, பல வருடங்களாகப் பேச்சில்லை. அம்மா சாவுக்கு வந்து ஓரமாக நின்றுவிட்டுப் போனாள். அன்று சாயங்காலம் அவள் கேட்டுக்கு முன்னால் போய் நின்றேன். செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்றுகூடத் தெரியவில்லை.

"அக்கா, எனக்க வீட்டு முன்வாசல் வெளக்கு ஒம்பது மணிக்கு அணையும். எண்ணைக்காவது அணையாம கிடந்தா ஒண்ணு வந்து பாக்கணும்."

அவள் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்க்காமலே, "சரி" என்றாள். துணியை மடித்து உள்ளே போய்விட்டாள். அவ்வளவுதான். சூட்டு ஒன்றும் எரியவில்லை.

தினமும் ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்தேன். அணைத்துவிட்டு அவள் வீட்டு ஜன்னலைப் பார்ப்பேன். எப்போதும் சாத்தியிருக்கும். அவள் பார்க்கிறாளா, மறந்தாளா, அன்று சொன்ன "சரி"யே என்னை அனுப்பிவிடத்தானா, ஒன்றும் தெரியாது. இப்படியே நாட்கள் போயின. ஒருநாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. விளக்கை அணைக்காமல், வேண்டுமென்றே, பின்னறையில் போய்ப் படுத்துக்கொண்டேன். இருமிக்கொண்டே காதைத் தீட்டி வைத்திருந்தேன். கதவை யாரும் தட்டவில்லை. என் பெயரை யாரும் கூப்பிடவில்லை. எப்போதோ தூங்கிப்போனேன். அண்ணன் சொன்னதுதான் சரி என்று நினைத்துக்கொண்டு தூங்கினேன்.

விடிந்து வாசலுக்கு வந்தால் விளக்கு வெயிலில் வெளிறி எரிந்துகொண்டிருந்தது. அணைத்தேன். மதிலுக்கு அப்பால் அவள் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள். நான் உள்ளே திரும்பினேன்.

"நேத்து வெளக்கு அணைக்கல்ல" என்றாள், துடைப்பத்தை நிறுத்தாமல்.

"மறந்துட்டேன்."

"கேட்டு வரைக்கும் வந்தேன். உள்ள இருமுகது கேட்டுது. சரி, ஆளு உண்டுன்னு திரும்பிட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "அந்த இருமலுக்கு என்னதாவது மருந்து குடி பிள்ளே" என்றாள்.

நான் உள்ளே போய்த் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்து என் முற்றத்தைக் கூட்டத் தொடங்கினேன். கிடந்தது முழுக்க அவள் சக்கை மரத்துச் சருகுதான்.